வாத்துக்கு ஒரு கண் மூடியே இருக்கிறது, இப்போது கழுத்தும் சாய்கிறது. என்ன செய்யலாம்?

கீரைப்பாத்தி:

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை, அதில் இரண்டு வெள்ளை வாத்து, ஒன்று ஆண் ஒன்று பெண். பையன் ஆசைப்பட்டான் என்று குஞ்சாக வாங்கி வந்தோம், இப்போது யார் கேட்டாலும் கொடுக்கிற நிலையில் இல்லை.

பெண் வாத்துக்குத்தான் பிரச்சினை. முதலில் இடது கண்ணின் ஓரத்தில் நுரை நுரையாக வந்தது, அப்புறம் தண்ணீர் வழிந்து கன்னத்து இறகெல்லாம் ஒட்டிக்கொண்டது, அதன் பிறகு கண்ணைத் திறக்கவே இல்லை. கண்ணுக்குக் கீழே லேசாக வீங்கியும் இருக்கிறது. மருந்துக் கடையில் சொல்லி மனிதர்களுக்குப் போடும் சொட்டு மருந்து வாங்கிப் போட்டோம், ஒன்றும் மாறவில்லை. இந்த நிலையில் நேற்றிலிருந்து தலையை இடது பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது, நடந்தால் இடது பக்கமாகவே வட்டம் போடுகிறது, சில நேரம் கழுத்தைப் பின்னால் வளைத்து வானத்தைப் பார்க்கிறது, உடனே தள்ளாடி உட்கார்ந்துவிடுகிறது. தீனி மேல் ஆசை இருக்கிறது, ஆனால் கொத்தும்போது தட்டை விட்டு வெளியே கொத்துகிறது.

தீனி என்றால் வீட்டுச் சோறுதான், இட்லி மிச்சம், மீன் வாங்கும் நாளில் குடலும் செவுளும். கூடவே விமரால் என்ற வைட்டமின் சொட்டு எப்போதாவது தண்ணீரில் கலப்போம். குடிக்க அகலமான தட்டு வைத்திருக்கிறோம், பெரிய டப்பில் தண்ணீர் விடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஆண் வாத்து சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கும் கால் கொஞ்சம் வில் மாதிரி வளைந்திருக்கிறதோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அருகில் உள்ள ஒரு கிளினிக்கில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். கண்ணில் வந்த நோய் மூளைக்கு ஏறிவிட்டதா, இல்லை இரண்டும் வேறு வேறா? மாமியார் விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு விடச் சொல்கிறார். பறவைக் காய்ச்சலாக இருக்குமோ என்றும் பயம், வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான்.

வாய்க்கால் வரப்பு:

திருவாரூர் பக்கம், தாத்தா காலத்திலிருந்து வாத்து மேய்க்கிற குடும்பம். அக்கா, முதலில் அந்த டப் தண்ணீரிலிருந்து வாத்தைத் தள்ளி வையுங்கள். வாத்துக்கு நீச்சல் தெரியுமே என்று நினைக்க வேண்டாம், தலை சாய்கிற வாத்தை ஆழத் தண்ணீரில் தனியாக விட்டால் மூக்கு முங்கி நிமிடத்தில் செத்துப்போகும்.

விளக்கெண்ணெய் வேண்டாம். எண்ணெய் கண்ணில் படிந்தால் தூசியும் தவிடும் அதிலேயே போய் ஒட்டும், அப்புறம் டாக்டர் பார்க்கும்போது கண்ணில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. மருந்துக் கடையில் நார்மல் சலைன் பாட்டில் கிடைக்கும், குளுக்கோஸ் ஏற்றுவார்களே அந்த மாதிரி பாட்டில், ஆனால் குளுக்கோஸ் கலக்காத 0.9 சதவீத உப்புநீர். அதை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, வெதுவெதுப்பாக்கி, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடும்படி கண்ணைக் கழுவுங்கள். ஒட்டிக்கொண்ட இமையைப் பிய்க்கக் கூடாது, நனைத்த பஞ்சை வைத்து ஊறவிட்டால் தானாக விடும். வாத்தைத் துண்டில் சுற்றி, இறக்கை அடங்கும்படி மடியில் வைத்துக்கொண்டால் ஒரு ஆளே செய்துவிடலாம். தலையை மட்டும் மல்லாக்கப் பிடித்துக்கொண்டு எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

தட்டுத் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. கோழிக்குத் தட்டு போதும், வாத்துக்குப் போதாது. அது கண்ணையும் மூக்கையும் தண்ணீருக்குள் முக்கி முக்கித்தான் சுத்தம் செய்துகொள்ளும். நாங்கள் வயலில் விடும் வாத்துக்குக் கண் நோய் அரிதாகத்தான் வரும், பட்டியில் அடைத்து வைத்து, படுக்கை ஈரமாகி, அந்த மூத்திர நெடி ஏறினால்தான் வரிசையாகக் கண்ணில் நுரை கட்டும். நீங்கள் குனிந்து வாத்துக் கூண்டின் தரை மட்டத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள், உங்களுக்குக் கண் எரிந்தால் அதற்கும் எரிகிறது என்று அர்த்தம்.

கழுத்து விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். கழுத்து துவண்டு தரையில் விழுகிறதா, முறுக்கிக்கொள்கிறதா, பின்னால் வளைகிறதா? மூன்றும் ஒரே நோய் கிடையாது. அழுகிய மீன், செத்த எலி, அதில் நெளியும் புழு இவற்றைத் தின்ற வாத்துக்குக் கழுத்து துவண்டு கால் இழுக்கும், கண் இமை கூட சரியாக அசையாது. பூச்சி மருந்து தெளித்த வயலிலிருந்து வந்த வாத்தாக இருந்தால் எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், கண்ணின் கருமணி சுருங்கி இருக்கும். உங்கள் தெருவில் கொசு மருந்து அடித்தார்களா?

சும்மா வந்தவன்:

கேரளாவில் வாத்துகளை ஆயிரக்கணக்கில் கொன்று எரித்தார்களே, அதே அறிகுறிதான் இது. குழந்தை இருக்கிற வீட்டில் ரிஸ்க் எடுக்காதீர்கள், இரண்டையும் அப்புறப்படுத்திவிடுங்கள்.

ஊசி மாமா:

ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர். கோழி, வாத்து நிறையப் பார்த்தவன், ஆனால் உங்கள் வாத்தை நேரில் பார்க்காமல்தான் எழுதுகிறேன்.

பறவைக் காய்ச்சல் பயத்தை முதலில் முடித்துவிடலாம். 2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் வந்தபோதும், 2021 ஜனவரியில் எச்5என்8 வந்தபோதும், 2024 ஏப்ரலில் எடத்துவா, செருதனா பஞ்சாயத்துகளில் மறுபடி எச்5என்1 வந்தபோதும் பார்த்தது கூட்டம் கூட்டமாகத் திடீர்ச் சாவு. கண் பால் போல வெளுப்பதும், வட்டமடிப்பதும், நடுக்கமும் அதில் உண்டுதான், அதனால் சும்மா வந்தவர் சொன்னதை முழுக்கத் தள்ளவும் முடியாது. ஆனால் இரண்டே வாத்து, ஒன்றுக்கு மட்டும், ஒரு கண்ணில் ஆரம்பித்து மெதுவாக வளர்ந்து, தீனி ஆசையும் குறையாமல் இருக்கும் கதை அதற்குப் பொருந்தவில்லை. அக்கம்பக்கத்தில் காக்கைகள் செத்து விழுகின்றனவா, ஆண் வாத்து திடீரென்று சோர்கிறதா என்று பாருங்கள். அப்படி ஏதாவது இருந்தால் வாத்தைத் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும், சந்தேக மாதிரிகள் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போகும். நீங்களாகக் கொன்று புதைப்பதெல்லாம் தேவையில்லாத வேலை, வியாதி என்னவென்றே தெரியாமல் போய்விடும்.

அதற்காக அலட்சியமும் வேண்டாம். கண்ணில் நுரை வரவைக்கும் கிருமிகளில் கிளமிடியா என்று ஒன்று உண்டு, அது வாத்திடமிருந்து மனிதருக்கு வந்து நிமோனியா மாதிரி படுத்தும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் தூசி பறக்கப் பெருக்காதீர்கள், நனைத்துவிட்டு அள்ளுங்கள். முகக்கவசம், கையுறை போடுங்கள், பையன் கொஞ்ச நாள் தூரத்திலிருந்து பார்க்கட்டும்.

சரி, இப்போது உங்கள் வாத்து. இடது கண், இடது சாய்வு, இடது வட்டம். எல்லாம் ஒரே பக்கம். பறவைக்குக் காது வெளியே தெரியாது, கண்ணுக்குச் சற்றுப் பின்னால் இறகுக்கு அடியில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். கண்ணுக்குக் கீழே சைனஸ் பை. மூக்கிலோ கண்ணிலோ தொடங்கும் தொற்று இந்தப் பையில் இறங்கி, உள்காது வரை போனால் சமநிலை கெட்டு, நோய் உள்ள பக்கமே தலை சாயும், அந்தப் பக்கமே சுற்றும். ஆக "மூளைக்கு ஏறிவிட்டதா" என்று கேட்டீர்களே, மூளை வரை போக வேண்டியதே இல்லை, காது வரை போனாலே இந்தக் கூத்து நடக்கும். இதுவரை சரியாக வருகிறது.

ஆனால் கழுத்தைப் பின்னால் வளைத்து வானம் பார்ப்பது காது நோயில் சேராது. அதைப் படித்ததும் நான் உங்கள் தீனிப் பட்டியலுக்குத்தான் திரும்பிப் போனேன்.

1890 வாக்கில் டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில், பத்தாவியா ராணுவ மருத்துவமனையில் ஐக்மன் என்ற டாக்டர், நரம்பு தளர்ந்து கால் துவளும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வுக்கு வைத்திருந்த கோழிகளுக்குத் திடீரென்று கால் விழுந்தது, கழுத்து வளைந்தது, பிறகு தானாகவே சரியாகிவிட்டது. விசாரித்தால், நடுவில் கொஞ்ச காலம் கோழிகளுக்கு மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோறு போயிருக்கிறது, புதிதாக வந்த சமையல்காரர் ராணுவச் சோற்றை ஊர்க் கோழிக்குத் தர முடியாது என்று நிறுத்தியதும் தீட்டாத அரிசிக்கு மாறியிருக்கிறார்கள். அந்தத் தவிட்டில் இருந்தது வைட்டமின் பி1 என்று உலகம் பின்னால் தெரிந்துகொண்டது, 1929 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. உங்கள் வீட்டுக் கொல்லையில் நடப்பது ஏறக்குறைய அதே சோதனை. போதாக்குறைக்கு பச்சை மீன் கழிவு வேறு. கெண்டை வகை, நெத்திலி வகை மீன்கள் சிலவற்றில் பி1 சத்தை உடைத்துப்போடும் நொதி ஒன்று உண்டு, குடலில் இன்னும் அதிகம். வேகவைத்தால் அது செயலிழந்துவிடும், பச்சையாகப் போட்டால் சோற்றில் இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் தின்றுவிடும்.

இதோடு நிற்கவில்லை. வெள்ளைச் சோற்றில் வைட்டமின் ஏ சுத்தமாகக் கிடையாது. ஏ குறைந்தால் கண்ணிலும் சைனஸிலும் உள்தோல் காய்ந்து தடித்து, கிருமிக்கு வாசல் திறந்துவிடும். ஆண் வாத்தின் வில் கால் நியாசின் என்ற பி3 குறைவு. கோழியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நியாசின் வாத்துக்கு வேண்டும், அதிலும் வளரும் வயதில். விமரால் கொடுக்கிறோமே என்பீர்கள். நல்ல மருந்துதான், ஏ, டி3, ஈ, பி12 இருக்கிறது, பி1, பி3 இரண்டும் அதில் இல்லை. எப்போதாவது தண்ணீரில் கலந்தால் ஏ கூடப் போதுமான அளவு போகாது.

ஆக ஒரே தட்டுச் சோறு மூன்று இடத்தில் மூன்று விதமாகத் தெரிகிறதோ என்பதுதான் என் சந்தேகம். தொற்று இல்லை என்று சொல்லவில்லை. தொற்று இருக்கிறது, ஆனால் தீனியை மாற்றாமல் சொட்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் அடுத்த கண்ணும் மூடும்.

பி1 குறைவுதானா என்று கண்டுபிடிக்க ஒரு வசதி உண்டு. அந்த வைட்டமின் உள்ளே போனதும் சில மணி நேரத்திலேயே பறவையிடம் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். டாக்டர் ஊசியாகப் போடுவார். அது வரை, தானாகத் தின்கிறது என்பதால், பி காம்ப்ளக்ஸ் சிரப்பைத் தீனியில் பிசைந்து வைக்கலாம்.

கண்ணைப் பொறுத்தவரை ஒரு விஷயம் முக்கியம். வாங்கிய சொட்டு மருந்துப் புட்டியை எடுத்துப் படியுங்கள். டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் இப்போதே நிறுத்துங்கள். அவை ஸ்டீராய்டு. சிவப்பு குறைந்து நன்றாக ஆன மாதிரி தெரியும், ஆனால் கருவிழியில் கீறல் இருந்தால் அது புண்ணாகி ஆழமாகும். கீறல் இருக்கிறதா என்று ஃபுளோரசின் சாயம் தொட்டு நீல விளக்கில் பார்த்த பிறகுதான் அதையெல்லாம் யோசிக்க வேண்டும். குளோராம்பெனிகால் களிம்பும் வேண்டாம், முட்டை, இறைச்சி தரும் உயிர்களுக்கு அது தடை செய்யப்பட்ட மருந்து.

இன்னொன்று, பறவைக்குச் சீழ் தண்ணீராக வடியாது, பால்கட்டி (பனீர்) போலக் கட்டியாக உறைந்துவிடும். கண்ணுக்குக் கீழே வீக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கே அப்படி ஒரு கட்டி இருந்தால் எந்தச் சொட்டும் உள்ளே இறங்காது, டாக்டர் திறந்து எடுத்துக் கழுவ வேண்டும். நீங்கள் அமுக்கிப் பார்க்காதீர்கள்.

நாயும் பூனையும் மட்டும் பார்க்கும் இடங்களில் அலைய வேண்டாம். தாம்பரத்திலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள், அங்கே பறவையும் பார்ப்பார்கள், எக்ஸ்ரேயும் உண்டு. போகும்போது அந்தச் சொட்டு மருந்துப் புட்டி, நடப்பதையும் வானம் பார்ப்பதையும் எடுத்த வீடியோ, புதிய எச்சம் கொஞ்சம், மூன்றும் எடுத்துப் போங்கள். ஆஸ்பத்திரியில் பயந்துபோய் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் வீடியோதான் பேசும். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் டைக்ளோஃபினாக் மாத்திரையைப் பொடித்துப் போட்டுவிடாதீர்கள், மாட்டுக்குப் போட்ட அந்த மருந்துதான் பிணம் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது, 2006 இல் கால்நடைக்குத் தடை செய்தார்கள்.

கொண்டைக்காரன்:

டாக்டர் சார் எழுதியதற்கு மேல் பெரிதாக இல்லை, இரண்டு கேள்வி மட்டும். வாத்துக்குத் தலையில் பஞ்சு உருண்டை மாதிரி கொண்டை இருக்கிறதா? இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். நான் கொண்டை வாத்து வளர்க்கிறேன், பார்க்க அழகு, ஆனால் அந்தக் கொண்டைக்கு அடியில் மண்டை ஓடு சரியாக மூடியிருக்காது, சிலவற்றுக்கு மண்டைக்குள்ளேயே கொழுப்புக் கட்டி இருக்கும், அவை வாழ்நாள் முழுக்க தள்ளாடும், வலிப்பும் வரும். கொண்டையோடு கொண்டை சேர்த்தால் குஞ்சுகளில் ஒரு பங்கு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

அடுத்தது, கொல்லையில் பழைய பெயின்ட் உரிந்த கதவு, வெல்டிங் துண்டு, தூண்டில் ஈயக் குண்டு, கம்பி வலைத் துணுக்கு ஏதாவது கிடக்கிறதா? வாத்து மினுங்குகிற எதையும் விழுங்கும். இரைப்பைக்குள் கல்லோடு கல்லாக ஈயம் அரைபட்டு ரத்தத்தில் ஏறினால் பச்சைக் கழிச்சல், தொங்கும் இறக்கை, நடை தடுமாற்றம் எல்லாம் வரும். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்துவிடும், அதனால் கழுத்துக்கு எடுக்கும்போதே வயிற்றுக்கும் ஒரு படம் கேளுங்கள்.

கருவாடு போடுகிறீர்களா? உப்பு அதிகமானாலும் தள்ளாட்டம் வரும், தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருக்கும்.

கீரைப்பாத்தி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கொண்டை இல்லை, கருவாடும் போடுவதில்லை, கொசு மருந்து இந்தப் பக்கம் சமீபத்தில் அடிக்கவில்லை. வேப்பேரிக்குப் போய் வந்தோம்.

சாயம் போட்டுப் பார்த்ததில் கருவிழியில் ஒரு கீறல் பச்சையாகத் தெரிந்தது. கடையில் கொடுத்த சொட்டில் டெக்சாமெத்தசோன் இருந்தது, அதை நிறுத்திவிட்டு வெறும் ஆன்டிபயாடிக் சொட்டு எழுதியிருக்கிறார்கள். கண்ணுக்குக் கீழே ஊசி மாமா சொன்னது போலவே கட்டியாக இருந்தது, மரக்கச் செய்து சின்னதாகத் திறந்து எடுத்தார்கள், மஞ்சளாக ரப்பர் மாதிரி வந்தது, கூடவே உள்ளே போக ஆன்டிபயாடிக், பி1 ஊசி, வைட்டமின் ஏ. எக்ஸ்ரேயில் உலோகம் எதுவும் இல்லை. அடுத்த நாளே வானம் பார்ப்பது நின்றுவிட்டது, நம்பவே முடியவில்லை. கண் பாதி திறக்கிறது. ஆனால் தலைச் சாய்வு அப்படியே இருக்கிறது, வட்டம் போடுவது மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இப்போது மூன்று கேள்வி. நடுவில் ஒரு முட்டை இட்டிருக்கிறது, சாப்பிடலாமா? சாய்வு போகுமா, இப்படியே இருந்துவிடுமா? மாமியார் கேட்கச் சொன்னது: நாங்கள் சமைப்பது புழுங்கல் அரிசி, அதிலும் வாத்துக்குப் போனது பெரும்பாலும் பழைய சோறு, அதில் சத்து அதிகம் என்கிறார்களே, அப்புறம் எப்படிக் குறையும் என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஊசி மாமா:

மாமியார் கேட்டது நல்ல கேள்வி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 கொஞ்சம் அரிசிக்குள் இறங்கும், அதனால் புழுங்கல் அரிசி பச்சரிசியை விட மேல்தான், பச்சரிசி தின்ற நாடுகளில் பெரிபெரி அதிகம் இருந்ததற்கும் அதுதான் காரணம். ஆனால் கழுவும்போது ஒரு பங்கு, வடிக்கும்போது கஞ்சியோடு ஒரு பங்கு போய்விடும். பழைய சோறு புளிக்கும்போது பி சத்து கொஞ்சம் கூடலாம், அதுவே முழுத் தீனியாக முடியாது, வைட்டமின் ஏ பிரச்சினைக்கு அது பதிலும் இல்லை. மனிதர்கள் சோற்றோடு குழம்பு, கீரை, பருப்பு எல்லாம் சாப்பிடுகிறோம். வாத்து வெறும் சோறு தின்றது, கூடவே பச்சை மீன் குடல்.

முட்டையைச் சாப்பிட வேண்டாம். எழுதிய ஆன்டிபயாடிக் எதுவென்று நீங்கள் சொல்லவில்லை, என்ரோஃப்ளாக்சசின் என்றால் முட்டையில் நெடுநாள் தங்கும். மருந்து முடிந்த பிறகு எவ்வளவு காலம் ஒதுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் கிளிஞ்சல் தூள், சுண்ணாம்புச் சத்து இவற்றை அதே நேரத்தில் வைக்கக் கூடாது, மருந்து அதோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேராமலே போய்விடும். கண் திறந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தவும் கூடாது.

சாய்வு: காது சம்பந்தப்பட்டது மெதுவாகத்தான் போகும், சிலவற்றுக்கு ஒரு சின்னச் சாய்வு கடைசி வரை நின்றுவிடும். தின்கிறது, குடிக்கிறது, விழாமல் நடக்கிறது என்றால் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. மறுபடி வானம் பார்க்க ஆரம்பித்தாலோ, வலிப்பு வந்தாலோ, இன்னொரு கண்ணும் மூடினாலோ காத்திருக்காமல் போங்கள்.

தீனிக்கு, முட்டைக் கோழித் தீவனம் வாங்கி மெதுவாகச் சோற்றைக் குறையுங்கள். மருந்து கலக்காத தீவனம்தானா என்று மூட்டையில் பாருங்கள். அதோடு புதுத் தவிடு, நறுக்கிய முருங்கைக் கீரை அல்லது அகத்தி, தொட்டியில் அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியை விட முடிந்தால் இன்னும் நல்லது. மீன் கழிவை வேகவைத்துப் போடுங்கள். ஆண் வாத்துக்குக் கால் சரியாகும் வரை நியாசின் தனியாக வேண்டும், ஈஸ்ட் பொடி தீனியில் தூவலாம், முழுக்க வளர்ந்து வளைந்துவிட்ட எலும்பு என்றால் அதிகம் நிமிராது. கடலைப் புண்ணாக்கு போடுவதாக இருந்தால் பூஞ்சை வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள், அஃப்ளாடாக்சின் விஷத்தைத் தாங்குவதில் வாத்துக் குஞ்சு படு மட்டம், 1960 இல் இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் புண்ணாக்கு தின்று லட்சம் வான்கோழிகள் செத்த கதையில் வாத்துகளும் சேர்ந்துதான் செத்தன.

வாய்க்கால் வரப்பு:

டாக்டர் சார் சொன்னதோடு ஒன்று, அக்கா. அந்தக் கீறல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? ஆண் வாத்து ஏறும்போது பெட்டையின் பிடரி இறகைக் கவ்விப் பிடிக்கும், குறி தப்பினால் அலகு கண்ணில்தான் படும். நகமும் படும். ஒரு ஆணுக்கு ஒரு பெட்டை என்றால் முழுத் தொல்லையும் அதற்குத்தான், எங்கள் பட்டியில் ஒரு ஆணுக்கு ஐந்தாறு பெட்டையாவது விடுவோம். இப்போதைக்கு நடுவில் கம்பி வலை கட்டிப் பிரித்து வையுங்கள், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருக்கட்டும், முழுக்கப் பிரித்தால் இரண்டும் கத்தி ஊரைக் கூட்டும். தலை நேராகாமல் சேர்த்து விட்டால், அதுவும் தண்ணீரில் சேர்ந்தால், ஆண் ஏறி அமுக்கி மூழ்கடித்துவிடும்.

தண்ணீருக்குப் பெரிய டப் தேவையில்லை. பெயின்ட் வாளியைப் பாதிக்கு அறுத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவி, தலை முழுக்க முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு வையுங்கள், அடியில் இரண்டு செங்கல் போட்டால் கவிழாது. தினம் காலை, மாலை கொட்டி மாற்றுங்கள், அந்த அழுக்குத் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிடலாம். பெட்டைக்கு வாளி வைக்கும் நேரத்தில் மட்டும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், மற்ற நேரத்தில் அதற்குத் தட்டே இருக்கட்டும்.

கீரைப்பாத்தி:

என்ரோஃப்ளாக்சசின்தான் எழுதியிருக்கிறார்கள், முட்டையைத் தொட மாட்டோம். கம்பி வலை கட்டியாகிவிட்டது, ஆண் வாத்து அதன் ஓரமாகவே உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறது. தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் அசோலா விதை கிடைக்கும் இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், கூரியரில் வந்தது வழியிலேயே அழுகிவிட்டது.